காம்போசிட் தூணும் ஃப்ரீமேசன்களும்: கேள்வி பதில்

கே: ஐரோப்பியக் கட்டடக்கலையின் ஐந்து தூண் வகைகளில் (டஸ்கன், டோரிக், அயோனிக், கொரிந்தியன், காம்போசிட்) காம்போசிட்டும் கொரிந்தியனும் படத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படி இனம் காண்பது?

ப: தூண்தலையின் மூலைகளைப் பாருங்கள். கொரிந்தியனில் இலைகளுக்கு நடுவிலிருந்து தண்டு கிளம்பி, நுனியில் சிறிதாகச் சுருளும். காம்போசிட்டில் அந்தத் தண்டு இல்லை. கீழே இரண்டு வரிசை அகாந்தஸ் இலை, வரிசைக்கு எட்டு. அதன்மேல் அயோனிக்கிலிருந்து எடுத்த பெரிய சுருள்கள் நான்கு மூலைக்கும் குறுக்காகத் துருத்தி நிற்கும். நம் அலையாத்திக் காட்டுக் கழுதைமுள்ளியும் அகாந்தஸ் பேரினம்தான். அதன் இலை விளிம்பைப் பார்த்தவருக்கு இந்தச் செதுக்கல் சட்டெனப் பிடிபடும். கல்லில் பார்க்க ரோமில் டைட்டஸ் வளைவுக்குப் போங்கள். கி.பி. 81ஐ ஒட்டி எழுந்தது.

கே: எங்கள் லாட்ஜ் (ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கூடம்) அலங்காரத்துக்கு மரத்தில் ஒரு காம்போசிட் தூண் செய்கிறோம், அடி விட்டம் 30 செ.மீ. உயரம் எவ்வளவு வைக்கலாம்?

ப: இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா 1562இல் வகுத்த கணக்கில், உயரம் விட்டத்தைப்போல் பத்து மடங்கு. ஆக 3 மீட்டர். அதில் அடிப்பீடம் 15, தூணின் தண்டு 250, தலை 35 செ.மீ. தூணுக்கு மேலே தனியாக வரும் உத்திரப் பகுதி 75 செ.மீ. தண்டின் மேல்முனை விட்டம் 25தான்; குறுகல் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குமேல் தொடங்க வேண்டும். பலர் தண்டின் நடுவில் அளந்து அதைப் பத்தால் பெருக்கிவிடுகிறார்கள். நடுப்பகுதி ஏற்கெனவே ஒடுங்கியிருப்பதால் மொத்த உயரமும் குறைந்து, தூண் குட்டையாகத் தெரியும்.

கே: இந்தத் தூண் எந்த அதிகாரிக்கு உரியது?

ப: யாருக்கும் இல்லை. ஞானத்துக்கு அயோனிக், அது லாட்ஜின் தலைவரான வொர்ஷிப்ஃபுல் மாஸ்டருடையது. வலிமைக்கு டோரிக், அவருக்கு அடுத்த அதிகாரியான சீனியர் வார்டன். அழகுக்குக் கொரிந்தியன், மூன்றாம் அதிகாரியான ஜூனியர் வார்டன். மூன்றும் கிரேக்கத் தூண்கள். ரோமானியர் சேர்த்த டஸ்கனுக்கும் காம்போசிட்டுக்கும் இருக்கை கிடையாது. மூன்று, ஐந்து, ஏழு படிகளாக ஏறும் வளைந்த படிக்கட்டை அடையாளமாக வைத்து, உறுப்பினரின் இரண்டாம் பட்டமான ஃபெல்லோ கிராஃப்டுக்குச் சொல்லும் விளக்கத்தில்தான், ஐந்து படிகளோடு இவை வருகின்றன.

கே: அப்படியானால் அதற்குப் பொருளே இல்லையா சார்?

ப: உண்டு, ஆனால் புகழ்ச்சியாக இல்லை. தாமஸ் ஸ்மித் வெப் 1797இல் அமெரிக்காவில் வெளியிட்ட கையேடு, முதல் மூன்றில்தான் சொந்தப் படைப்பு இருக்கிறது, மற்ற இரண்டும் இரவல் என்கிறது. காம்போசிட்டுக்கு அலங்காரம் அதிகம், அழகு அதிகமா என்பது வேறு விஷயம் என்ற தொனி. ‘எல்லா நற்பண்புகளும் கூடிய முழுமை’ என்று சிலர் தரும் விளக்கத்துக்கு அந்த உரையில் இடமில்லை. அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கே: வாசலில் நிற்கும் யாக்கீன், போவாஸ் காம்போசிட்டா?

ப: இல்லை. அவை சாலொமோன் ஆலயத்து வெண்கலத் தூண்கள். 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரப்படி உயரம் 18 முழம், தலை 5 முழம். மாதுளம்பழ வரிசையும் வலைப்பின்னலும் உண்டு, அகாந்தஸ் இலை கிடையாது. ஐந்து வகையில் எதிலும் சேராது.