அச்சு ஒதுங்கிய 5 ரூபாய்க்கு 3,000 ரூபாயா?

கேள்வி: நாணயக் கண்காட்சியில் ஒரு பழைய தடிமனான 5 ரூபாய் பார்த்தேன். அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை போல வெறும் உலோகம். விலை 3,000 என்றார் கடைக்காரர். அங்கேயே 1904-ம் ஆண்டு எட்வர்ட் மன்னர் வெள்ளி ரூபாயும் இருந்தது. காதுக்கு மேல் முடி மழுங்கியிருந்தது. கேட்டால், "தேய்மானம் இல்லை சார், மின்ட்டிலேயே அப்படித்தான் வந்தது, விலை குறையாது" என்கிறார். ஒன்றுக்குக் குறையால் விலை கூடுகிறது, இன்னொன்றுக்குக் குறை இருந்தும் குறையவில்லை. இது என்ன கணக்கு?

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் சரி. நாணயச்சாலைக்குள் நேர்ந்த பிழை சேதக் கணக்கில் வராது. வெளியே வந்தபின் கீறியது, பாலிஷ் போட்டது, நகையில் கோக்கக் கொக்கி பற்றவைத்தது, இவைதான் சேதம். அதற்காக நாணயச்சாலைக் குறைக்கெல்லாம் விலை நிற்கும் என்று அர்த்தமில்லை. தரம் பார்ப்பவர்களின் 70 புள்ளி அளவுகோலில் 60-ம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு. அவற்றிலும் அச்சடிக்கும்போது அழுத்தம் போதாமல் முடி மங்கியிருந்தால் மேல் புள்ளிகள் கிடைக்காது. மூட்டையில் காசோடு காசு மோதிய வடுவுக்குக்கூடப் புள்ளி போகும்.

வெள்ளி ரூபாயை விளக்கடியில் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய இடத்திலும் மற்ற இடத்தைப் போலவே மினுமினுப்பு ஓடினால் அழுத்தக் குறை. அந்த மேடு மட்டும் ஒளியிழந்து நிறம் மாறியிருந்தால் கைபட்டுத் தேய்ந்தது. நூறு வருஷம் தாண்டிய காசைக் காட்டித் தேய்மானமே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

5 ரூபாய் கதை வேறு. மயிரிழை ஒதுங்கியதை யாரும் சீண்டமாட்டார்கள். பாதிக்குப் பாதி ஒதுங்கி, வருஷமும் தெரிந்தால் போட்டி போடுவார்கள். உங்கள் காசில் வருஷம் தெரிகிறதா? பிறை எவ்வளவு அகலம்? 3,000 தகுமா என்பது அதில் இருக்கிறது. பிறகு எடை போடச் சொல்லுங்கள். அந்தத் தடிமனான செம்பு-நிக்கல் 5 ரூபாயின் எடை 9 கிராம். அச்சுதானே ஒதுங்கியது, அச்சடிக்க வைத்த வெற்று உலோக வில்லை முழுசு. எடை குறையக் கூடாது. அச்சடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கு வெளியே நசுங்கியதால் வட்டம் மட்டும் கோணியிருக்கும்.

ஓரம் வெட்டுப்பட்ட காசு என்று காட்டினால் எடை குறைவுதான். அப்போது வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். வில்லையிலேயே வெட்டு இருந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயும் விளிம்பு மங்கியிருக்கும். பின்னால் கத்தரித்ததில் அது இருக்காது.

பிழைக்கு விலை உண்டென்றால் பிழையைச் செய்யவும் ஆள் உண்டு. 1937-ல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் காசில் உருவம் பதிக்கும் அச்சுக்கட்டையை அதிகமாகத் தேய்த்ததில் 5 சென்ட் காசிலிருந்த எருமைக்கு ஒரு முன்னங்கால் காணாமல் போனது. அந்த மூன்று கால் எருமைக் காசுக்கு நல்ல விலை. சாதாரணக் காசில் எருமையின் காலைச் சுரண்டி விற்றவர்களும் உண்டு.

வாங்குவதென்றால், அச்சுப் பிழை நாணயச்சாலையில் நேர்ந்தது, போலியானால் பணம் திரும்ப என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 3,000 பையிலேயே இருக்கட்டும்.