ரயிலிலேயே ஆசியா: செலவைச் சுருக்கிப் பயணம் செய்ய விரும்புவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஏறினால் ஐரோப்பா வரை ரயிலிலேயே போய்விடலாம் என்று ஒரு வரைபடம் வலம் வருகிறது. ஒரே டிக்கெட்டில் அது சாத்தியமா?

பதில்: ஒரே டிக்கெட் என்பது கற்பனை. வரைபடத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2021 டிசம்பர் 3 அன்று லாவோஸ்–சீனா ரயில் பாதை திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கும் தென்மேற்குச் சீனாவின் குன்மிங்குக்கும் இடையே எல்லை தாண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அதோடு, தாய்லாந்து வரை வந்து நின்றுவிடும் ரயில் பயணத்தைச் சீனாவுக்குள் நீட்டிக்க வழி பிறந்தது.

ஆனால் தண்டவாளம் தொடர்வது வேறு, ரயில் தொடர்வது வேறு. மலேசியாவும் தாய்லாந்தும் மீட்டர் கேஜ் நாடுகள், அதாவது அங்கே தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒரு மீட்டர். சீனப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். மங்கோலியா, கஜகஸ்தான், ரஷ்யா ஆகியவற்றில் அது 1520. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் வியன்டியானுக்கு வருபவர் இறங்குவது கம்சவாத் நிலையத்தில். சீனாவுக்கு ரயில் புறப்படுவதோ நகரின் இன்னொரு புறத்தில் உள்ள வேறொரு நிலையத்தில். இரண்டுக்கும் நடுவே வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். பெய்ஜிங்கிலிருந்து மங்கோலியத் தலைநகர் உலான்பத்தார் வழியாக மாஸ்கோவுக்கு நேரடியாக ஓடிய புகழ்பெற்ற ரயில் 2020இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மேற்கு முனையிலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–ஹெல்சிங்கி ரயில் 2022 மார்ச்சில் நின்றுவிட்டது.

ஆகவே இதை ஒரு நெடும் பயணமாக நினைக்காமல், பல உள்நாட்டு ரயில்களும் அவற்றுக்கு நடுவே சில எல்லைகளும் சேர்ந்த தொடராக நினைத்துக்கொள்ளுங்கள். ரயில்கள் தாமாகவே அமைந்துவிடும். திட்டத்தில் முதலில் குறிக்க வேண்டியவை எல்லைகள்தான்.

கேள்வி: பட்ஜெட் போடும்போது எந்த இடத்தில் கை வைத்தால் செலவு குறையும்? ரயில் கட்டணத்திலா, தங்குமிடத்திலா?

பதில்: பெரும்பாலோர் ரயில் கட்டணத்தைத்தான் முதலில் நோண்டுகிறார்கள். ஆசியாவின் பெரும்பகுதியில் சாதாரண ரயில் ஏற்கெனவே மலிவு. அங்கே நீங்கள் மிச்சப்படுத்துவது அற்பம். விசாக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் குறைக்க முடியாதவை. அவற்றை முதலில் கழித்து வைத்துவிட்டு, மீதியில்தான் கணக்குப் போட வேண்டும்.

உண்மையில் காசு கரைவது எல்லைகளில். தவறவிட்ட இணைப்பு ரயிலுக்காக விலை கேட்காமல் எடுக்கும் அறை, இரவில் வந்து சேர்ந்ததால் பேரம் பேச முடியாமல் ஏறும் டாக்சி, கடைசி நிமிடத்தில் வாங்கும் விமான டிக்கெட் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பல வாரங்களின் சிக்கனத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு நாளை உபரியாக ஒதுக்குங்கள். எல்லையைக் காலையில் கடக்கும்படியும், நாட்டின் உள்ளே செல்லும் நீண்ட தூரத்தை இரவு ரயிலில் கடக்கும்படியும் அமைத்தால் அறை வாடகையும் மிஞ்சும், நாளும் மிஞ்சும்.

இன்னொரு வழி, சர்வதேச ரயிலுக்குப் பதிலாக எல்லை நகரம் வரை உள்நாட்டு ரயிலில் போய், நடந்து கடந்து, அடுத்த நாட்டின் உள்நாட்டு ரயிலைப் பிடிப்பது. குன்மிங்கிலிருந்து சீன எல்லை நகரமான ஹெக்கோவுக்கு ரயில், அங்கிருந்து பாலத்தை நடந்தே கடந்தால் வியட்நாமின் லாவோ காய், அங்கிருந்து ஹனோய்க்கு இரவு ரயில் என்பது இதற்கு நல்ல உதாரணம். தாய்லாந்தின் ஹட் யாய்க்கும் மலேசிய எல்லையில் உள்ள பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் சிறிய ரயிலுக்கு 50 பாட் போதும்.

கட்டணம் திசையைப் பொறுத்தும் மாறும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடம் ஓடும் ரயிலுக்கு 5 ரிங்கிட். அதே ரயிலில் உட்லண்ட்ஸிலிருந்து திரும்பிப் போக 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், மதிப்பு மூன்று மடங்கு. சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் பேருந்தையும் யோசிக்கலாம்.

ரயில் பாஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் இருப்பதுபோல் ஆசியா முழுவதற்குமான பாஸ் கிடையாது. ஜப்பானின் ஏழு நாள் பாஸும் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டதால், இப்போது கணக்குப் பார்க்காமல் வாங்கக்கூடியது அல்ல.

கேள்வி: விசாக்களை எந்த வரிசையில் எடுப்பது? எல்லாவற்றையும் புறப்படும் முன்பே முடித்துவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுப்பது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் நீண்ட பயணத்தில் அதுவே பொறியாகிவிடும். ஒருமுறை நுழைவுக்கான சீன விசாவை, வழங்கிய நாளிலிருந்து பொதுவாக மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். தாய்லாந்திலும் லாவோஸிலும் மெதுவாகச் சுற்றுபவருக்கு அந்தக் காலம் வழியிலேயே முடிந்துவிடலாம். எனவே பயணத்தின் கடைசி நாட்டிலிருந்து பின்னோக்கி ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த விசா எப்போது உயிர்பெற்று எப்போது காலாவதியாகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இணையவழி விசாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது நாட்டின் எல்லா வாசல்களுக்கும் செல்லாது. பட்டியலிட்ட நுழைவிடங்களுக்கு மட்டுமே செல்லும். விமான நிலையங்கள் பட்டியலில் இருந்துவிடும், ரயில் எல்லைகள் சில நேரம் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் எல்லை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசா தேவைப்படாதவர்களும் வருகை அட்டையை மறக்கக் கூடாது. 2025 மே 1 முதல் தாய்லாந்து, நுழையும் முன் மூன்று நாட்களுக்குள் இந்த வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கிறது. மலேசியாவும் இதேபோல ஒன்றைக் கேட்கிறது. அரசுத் தளங்களில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றாலே அது இடைத்தரகர்தான் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: சீனாவில் நீண்ட தூர இரவு ரயிலுக்கு எந்த வகுப்பு? "ஹார்டு ஸ்லீப்பர்" என்ற பெயரே பயமுறுத்துகிறது.

பதில்: பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெத்தை உண்டு. கதவில்லாத ஒவ்வொரு தடுப்பிலும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கைகள் இருக்கும். கீழ்ப்படுக்கைக்கு விலை அதிகம், மேலே போகப் போகக் குறையும். விலை அதிகம் என்பதால் கீழ்ப்படுக்கைதான் சிறந்தது என்று எடுத்துவிடாதீர்கள். பகல் முழுவதும் மேலே இருப்பவர்கள் இறங்கி வந்து உட்காருவது உங்கள் படுக்கையில்தான். சூரியகாந்தி விதை கொறிக்கும் ஒரு குடும்பத்தின் நடுவே கால் நீட்ட இடம் தேட நேரும். மேல்படுக்கை மலிவு, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. நடுப்படுக்கையையே நான் பரிந்துரைப்பேன். பகலில் நடைவழி ஜன்னலோரம் மடக்கி வைத்திருக்கும் சிறிய இருக்கையைப் பிடித்துக்கொண்டால் வெளியே பார்க்கவும் வசதி. மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் கீழ்ப்படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு.

டிக்கெட்டை 12306 என்ற அரசு ரயில்வே தளத்தில் வாங்கினால் தரகு மிச்சம். சுமார் 15 நாட்களுக்கு முன்புதான் விற்பனை திறக்கும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், கணக்கை மட்டும் வெகு முன்பே தொடங்கி வையுங்கள். பாஸ்போர்ட்தான் டிக்கெட், பதிவு செய்த எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். சந்திரப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நிலையத்தின் பெயரை முழுமையாகப் படிப்பதும் அவசியம். குன்மிங் வேறு, குன்மிங் தெற்கு வேறு. பின்னது நகரின் நடுவிலிருந்து வெகு தூரம். நுழைவில் பைகளை ஸ்கேன் செய்வார்கள். கத்தியும் ஸ்ப்ரே டப்பாக்களும் பறிபோகும். லாவோஸ் பகுதியிலும் இதே கெடுபிடிதான்.

கேள்வி: இந்தியாவிலிருந்தே தரைவழியாகத் தொடங்க முடியாதா?

பதில்: தற்போது கிழக்கு நோக்கி ரயிலில் முடியாது. இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையே பயணிகள் ரயில் இணைப்பே இல்லை. கொல்கத்தா–டாக்கா மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. மேற்கே, பாகிஸ்தானுக்குச் சென்ற சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டில் நின்றது. ஒரு விமானப் பயணத்தை ஏற்றுக்கொண்டு, கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ தொடங்குவதே மலிவான வழி.

கேள்வி: பாங்காக்கிலிருந்து கம்போடியா வழியாக ஹோ சி மின் நகரம் போய், அங்கிருந்து வடக்கே ரயில் பிடிக்கும் திட்டம் சரியா?

பதில்: காகிதத்தில் அழகான வழி. ஆனால் தாய்லாந்து–கம்போடிய தரை எல்லை 2025 ஜூனில் மோதலை ஒட்டி மூடப்பட்டது. நிலைமையைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். திறந்திருந்தாலும் புனோம் பென்னுக்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையே தண்டவாளமே கிடையாது, பேருந்துதான். வியட்நாமின் 1,726 கிலோமீட்டர் வடக்கு–தெற்குப் பாதையில் பயணம் செய்ய ஆசை என்றால், குன்மிங் வழியாக ஹனோய்க்கு இறங்கி வந்து தெற்கே போவது சுற்றுவழிதான், ஆனால் ஏறத்தாழ முழுவதும் ரயிலிலேயே போகலாம்.

கேள்வி: ரஷ்யாவைத் தவிர்த்துவிட்டு, சீனாவிலிருந்து மத்திய ஆசியா வழியாக இஸ்தான்புல் போக வேண்டும். எங்கே சிக்கும்?

பதில்: காஸ்பியன் கடலில் சிக்கும். அதுவரை பெரிய தொல்லை இல்லை. சீனாவின் ஷின்ஜியாங்கில் உள்ள உரும்சியிலிருந்து எல்லை நகரமான கோர்கோஸ் வரை ரயிலில் போய், பேருந்தில் எல்லை தாண்டி கஜகஸ்தானின் அல்மாட்டியை அடையலாம். கடிகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே அதிகாரபூர்வமானது; கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்துக்கு மாறியது. ஆக, எல்லையில் ஒரே அடியில் மூன்று மணி நேரம் பின்னுக்குப் போகும். போதாக்குறைக்கு, ஷின்ஜியாங்கில் உள்ளூர்க்காரர்கள் பலர் பெய்ஜிங்குக்கு இரண்டு மணி நேரம் பிந்திய வேறொரு நேரத்தைச் சொல்வார்கள். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால், எந்த நேரப்படி என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அல்மாட்டியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்கு ரயில் உண்டு; தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அதன் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் சாதாரண ரயிலில் போகலாம், கட்டணமும் குறைவு. கஜகஸ்தானின் காஸ்பியன் கடலோர நகரமான அக்தாவ் வரைக்கும் தண்டவாளம் போகிறது. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. கடலின் மறுகரையில் உள்ள அஜர்பைஜான் 2020 மார்ச்சில் மூடிய தரை எல்லையைத் திறக்காமல் மீண்டும் மீண்டும் தவணை நீட்டித்தே வந்திருக்கிறது. காஸ்பியன் சரக்குக் கப்பல்களுக்கோ நிச்சயமான அட்டவணை இல்லை. சரக்கு நிரம்பினால் புறப்படும், காற்று அடங்கினால் கரை சேரும். இந்த ஒரு துண்டை விமானத்தில் கடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துறைமுகத்தில் காத்துக் கிடப்பதைவிட அது மலிவாகவும் முடியலாம்.

கடலைத் தாண்டி ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்கு வந்து, பேருந்தில் துருக்கியின் கார்ஸ் நகருக்குப் போனால், அங்கிருந்து அங்காராவுக்கு ஒரு நாளுக்கு மேல் ஓடும் தோவு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதே பாதையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி ரயிலும் ஓடுகிறது, விலை மிக அதிகம். முன்பதிவின்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் சைவம். நாள்கணக்கில் ரயிலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: சீன, கஜக, ரஷ்ய நீண்ட தூர ரயில்களில் பெட்டியின் கோடியில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். மூடியுள்ள அகலமான எவர்சில்வர் டம்ளர், அவல், ஓட்ஸ், ஊறுகாய், பழம் ஆகியவை இருந்தால் உணவுப் பெட்டியின் தயவு வேண்டியதில்லை. உடனடி நூடுல்ஸில் வரும் மசாலாப் பொட்டலத்தில் இறைச்சிச் சாறு இருப்பது சகஜம் என்பதால், சொந்தமாக ஒரு பொடியை எடுத்துச் செல்லுங்கள். பழத்தையும் தயிரையும் எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது. சுங்கத்தில் அவற்றைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள்.