ஜிக் நிறமும் ஜிக் தலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை விட்டு மட்டக்களப்பு வாவித் தண்ணீர் தெளியத் தொடங்கினால் ஜிக் (ஈயத் தலையில் தூண்டில் முள் பொருத்திய போலி இரை) பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் அரைவாசிக்கு மேல் நிறத்தைப் பற்றியவை.

அண்ணா, கல்லடிப் பாலத்தடியில் கொடுவாவுக்கு ஜிக் போடுகிறேன். கடையில் தொங்குகிற நிறங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது? (கல்லடி)

மூன்று போதும் தம்பி. ஒன்று வெள்ளை, ஒன்று இறால் நிறத்துப் பழுப்பு, ஒன்று கறுப்பு. எதைக் கட்டுவது என்பதைத் தண்ணீரிடம் கேளுங்கள். வெள்ளை ஜிக்கைக் கரையோரம் மெல்ல இறக்குங்கள். இரண்டு முழம் போன பிறகும் தெரிகிறதா, தண்ணீர் தெளிவு. வெள்ளையோ பழுப்போ போடலாம். மார்கழி வெள்ளம் இறங்கி வாவி தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறதா, கறுப்புதான். கலங்கிய தண்ணீரிலும் இரவிலும் மீனுக்கு நிறம் எடுபடாது, உருவத்தின் நிழல்தான் தெரியும். அந்த நிழலைக் கறுப்பு நன்றாகக் காட்டும்.

ஆனால் நிறத்துக்கு முன்னால் எடையைப் பாருங்கள். நம் வாவியில் பல இடங்களில் ஒரு பாகம் (ஆறடி) ஆழம்கூட இல்லை. அங்கே 20 கிராம் ஜிக் போட்டால் கல் மாதிரிப் போய்ச் சேற்றில் புதையும். 7 முதல் 10 கிராம் போதும். பாலத் தூணருகே ஓட்டம் பிடிக்கும் நேரத்தில் மட்டும் 14 கிராமுக்குப் போங்கள். கொடுவா பெரும்பாலும் ஜிக் கீழே இறங்கும்போதுதான் வாய் வைக்கும். எறிந்துவிட்டு வேடிக்கை பார்க்காமல் தங்கூசியை (தூண்டில் நரம்பை) கண்ணால் தொடருங்கள். அது சட்டென்று தளர்ந்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ யோசிக்காமல் சுண்டி இழுங்கள்.

பெரிய மீன் இரண்டு தரம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு தரம் முள்ளே நிமிர்ந்துவிட்டது. ஜிக் சரியில்லையா? (ஏறாவூர்)

ஜிக்கில் இருக்கும் முள் மெல்லிசு. மலிவு ஜிக்குகளில் தலை அழகாக இருக்கும், முள் கம்பி மாதிரி வளையும். தடித்த முள் உள்ளதை வாங்குங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும், அதனால் நுனியில் இரண்டு மூன்று அடிக்கு 30 அல்லது 40 இறாத்தல் தாங்கும் தங்கூசி கட்டியே ஆக வேண்டும். எறிவதற்கு முன் முள்ளின் நுனியைப் பெருவிரல் நகத்தில் மெதுவாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போடுங்கள், கீறி நின்றால் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை எல்லாம் அநேகமாக முட்டையிடும் பெண்கள். ஒரு மீட்டருக்குக் கிட்ட வந்தது மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அடுத்த வருடத்துக் குஞ்சுகள் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன.

டொரொண்டோவில் பாஸ் என்கிற நன்னீர் மீன் பிடிக்கிறேன். ஓகஸ்ட்டில் களுவாஞ்சிக்குடிக்கு வருகிறேன். என் ஜிக் பெட்டியைக் கொண்டுவந்தால் பிரயோசனப்படுமா? (கனடா)

பாதி பிரயோசனப்படும். ஃபுட்போல் தலை ஜிக்குகளை அங்கேயே வையுங்கள். அகன்ற அந்தத் தலை கல் அடித்தரையில் உருண்டு, கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) ஊர்கிற மாதிரிக் காட்டுவதற்கென்று செய்தது. ஒன்ராறியோ ஏரியில் ஸ்மோல்மவுத் பாஸுக்கு அது அருமையான சாமான். நம் வாவிச் சேற்றில் அதற்கு வேலை இல்லை. மெல்லிய முள் வைத்த ஃபினெஸ் ஜிக்குகளும் வேண்டாம்.

கொண்டுவர வேண்டியவை இரண்டு. கூர்மூக்கு வைத்த வெள்ளை ஸ்விம் ஜிக், பின்னால் வாலாட்டும் ரப்பர் மீனோடு: முகத்துவாரப் பக்கம் பாரைக்கும் கொடுவாவுக்கும் நன்றாக ஓடும். அப்புறம், முள்ளுக்கு முன்னால் நார்த் தடுப்பு வைத்த கறுப்பு-நீல ஃபிலிப்பிங் ஜிக். லார்ஜ்மவுத் பாஸுக்குப் புல்லுக்குள் போடுகிறீர்களே, அதேதான். கண்டல் வேருக்குள் சிக்காமல் போய் வரும்.

கறுப்பு-நீலமா, வெறும் கறுப்பா என்று அங்கே பெரிய விவாதம் நடக்கும். இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸை நிறம் காட்டிப் பழக்கிச் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. கறுப்பையும் கடும் நீலத்தையும் குழப்பிக்கொண்டது, எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அப்படியே. ஆகவே இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள்.

குளத்தில் விராலுக்கு ஜிக் போட்டால் ஒவ்வொரு தரமும் புல்லோடுதான் வருகிறது. (அக்கரைப்பற்று)

முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜிக்கை விடுங்கள். முள் நுனியை ரப்பர் தவளையின் முதுகுக்குள் செருகி, ஈயம் இல்லாமலோ 3, 4 கிராமிலோ போடுங்கள். விரால் மூச்சு வாங்க மேலே வரும். வளையம் எழும்பிய இடத்தைத் தாண்டி எறிந்து, அதன் மேலாக இழுத்து வாருங்கள். நிறம் கறுப்பு அல்லது கடும் பழுப்பு. சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே மொய்ப்பதைக் கண்டால் அங்கே எறியாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும், அதைப் பிடித்தால் குஞ்சு முழுதும் போய்விடும். நம் குளங்களில் முதலை உண்டு; பொழுது பட்ட பிறகு முழங்கால் தண்ணீரிலும் இறங்கக் கூடாது.

ஜிக்குக்குக் குஞ்சம் வீட்டிலேயே கட்டலாமா? (வாழைச்சேனை)

தாராளமாக. வெள்ளை உரச்சாக்கு இழையைப் பிரித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, ஜிக் கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டிப் பசை வையுங்கள். அந்த இழை தண்ணீரில் மிதக்கும் சாதி, ஜிக் தரையில் நின்றாலும் குஞ்சம் மேல் நோக்கி விரிந்து ஆடும். ஈயம் உருக்கிறது என்றால் வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கிட்ட வராத இடத்தில், காய்ந்த அச்சில் மட்டும். ஈரம் பட்டால் தெறிக்கும்.

கணவாய்க்கு எந்த நிற ஜிக்? (பாசிக்குடா)

கணவாய்க்கு நிறம் தெரியாது. வெளிச்சமானது ஒன்று, இருண்டது ஒன்று வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு வராவிட்டால் மற்றதைப் போடுங்கள்.