பழைய சாமானோடு வீட்டுக்குள் வரும் பூச்சிகள்: வாசகர் கேள்வி-பதில்

பழைய சாமான் கடையில் ஒரு தேக்குக் கட்டிலை விலை பேசி வைத்திருக்கிறோம். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இருந்தால் வாங்கலாமா? (தாம்பரம்)

பகலில் போய்ப் பாருங்கள். கடைக்காரர் கட்டிலைக் கழற்றிக் காட்ட மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலைமாட்டுச் சட்டம் காலோடு சேரும் பொருத்து, போல்ட் துளை, குறுக்குச் சட்டம் உட்காரும் இடுக்கு ஆகியவைதான் அதன் குடித்தனம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் இடுக்கை வழித்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் இருக்கும். முட்டை வெள்ளையாக, 1 மில்லிமீட்டர்தான். மரத்தோடு ஒட்டியிருப்பதால் தட்டினால் விழாது. இடுக்கு ஓரத்தில் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் ஈரப் பஞ்சால் துடையுங்கள். செம்பழுப்பாக இழுபட்டால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம்.

முழு மரக் கட்டில் என்றால் பூச்சி இருந்தாலும் மீட்டுவிடலாம். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து எல்லாப் பாகங்களையும் கழற்றுங்கள். துணிக்கு நீராவி பிடிக்கும் ஸ்டீமர் போதும். முனையை மரத்தை ஒட்டினாற்போல் வைத்து, நொடிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வேகத்தில் இடுக்கு இடுக்காக நகர்த்துங்கள். மேற்பரப்பு 70 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். வேகமாக ஓட்டினால் மேலே இருப்பது சாகும், உள்ளே இருக்கும் முட்டை பிழைக்கும். பாலிஷ் கொஞ்சம் வெளுக்கலாம், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தப்பிய முட்டைகள் நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை நீராவி பிடியுங்கள். பிறகு தேவையில்லாத துளைகளை மரப் புட்டியால் அடையுங்கள்.

வீட்டில் போட்டதும் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நான்கு கால்களையும் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணங்களில் நிறுத்தி, கிண்ணத்தின் உட்புறம் டால்கம் பவுடர் பூசுங்கள். மூட்டைப்பூச்சியால் அந்த வழவழப்பில் ஏற முடியாது. வாரம் ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். கட்டிலில் ஆள் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பலிக்காது. இரை நீங்கள்தான்!

"இரண்டு வாரம் பால்கனியில் போட்டு வைத்தால் பட்டினியில் செத்துவிடும்" என்பார்கள். சாகாது. ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பழைய மெத்தையும் பழைய துணி சோபாவும் வேறு விஷயம்: நீராவி பஞ்சின் மேல்தோலைத் தாண்டி இறங்காது. அந்த இரண்டையும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அந்துருண்டை, வேப்பிலை, மண்ணெண்ணெய்: எது வேலை செய்யும்? (திண்டுக்கல்)

மூட்டைப்பூச்சிக்கு மூன்றுமே வேலை செய்யாது. மண்ணெண்ணெய் மேலே பட்ட பூச்சியைக் கொல்லலாம். ஆனால் ஆவியாகிப் போனபின் ஒன்றும் மிச்சமில்லை, அதுவரை தீப்பிடிக்கும் அபாயம் வேறு. அந்துருண்டையைக் கைக்குழந்தையின் துணியோடு வைக்கவே கூடாது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

எலிக்கும் தானியத்துக்கும் வைக்கும் மாத்திரையை அறையில் வைத்துப் பூட்டினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார்களே? (ஓசூர்)

அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லக்கூடியது, முறிமருந்து கிடையாது. குடியிருக்கும் வீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பூச்சி ஒழிப்பவர் அதை எடுத்து வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

பழைய பிரிட்ஜ் வாங்கி ஒரு மாதத்தில் சமையலறை முழுக்கச் சின்னக் கரப்பான். பிரிட்ஜிலிருந்துதான் வந்ததா? ஒரு மைக்ரோவேவும் வாங்குவதாக இருக்கிறோம். (கோவை)

பெரும்பாலும் அதிலிருந்துதான். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், கழுத்துப் பக்கம் இரண்டு கருங்கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். பிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் சூடு, அதன் மேலுள்ள தட்டில் தண்ணீர். அதற்கு வேறென்ன வேண்டும்? பெண் கரப்பான் முட்டைப் பையைப் பொரியும் வரை உடம்போடு சுமக்கும். ஒரு பையில் 30, 40 குஞ்சு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்புறத் தட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள். கதவு ரப்பரின் மடிப்பைத் துடையுங்கள். பிறகு கடையில் சிரிஞ்சில் விற்கும் கரப்பான் ஜெல்லைப் பாதித் துவரம்பருப்பு அளவில், கம்ப்ரசர் அறையின் ஓரங்களிலும் கீல் மூடிக்கு அடியிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வையுங்கள். உணவு வைக்கும் உட்புறத்தில் வேண்டாம். இரண்டு வாரத்தில் காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பலரும் சறுக்குவது ஸ்பிரேயில்தான். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த நெடிக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது. தவிர, ஸ்பிரேயில் உள்ள வாயு தீப்பிடிக்கக்கூடியது. ஓடும் கம்ப்ரசர் பக்கம் அடிக்காதீர்கள்.

மைக்ரோவேவின் மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஓர் அட்டைத் துண்டில் ஜெல் வைத்து, மைக்ரோவேவோடு சேர்த்துத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மூன்று வாரம் வெளியே வையுங்கள். டிஸ்பிளே கண்ணாடிக்குள்ளேயே கரப்பான் ஓடுவது தெரிந்தால் வேறு மைக்ரோவேவ் பாருங்கள்.

பழைய மர பீரோவுக்கு அடியில் தினமும் தூள் விழுகிறது. கரையானா? (நாகர்கோவில்)

தூளை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால், கூடவே மரத்தில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள் இருந்தால், அது மரத்தைத் துளைக்கும் வண்டு. ரவை போல நெறுநெறுத்தால் உலர்மரக் கரையான். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் ஆறு பட்டையாக இருக்கும். மண்பூச்சு கட்டி வரும் சாதாரணக் கரையானுக்கு மண்ணின் ஈரம் வேண்டும். தரையோடு தொடர்பு அறுந்தால் பீரோவுக்குள் அது நிலைக்காது. உலர்மரக் கரையானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பீரோவே அதற்கு ஊர். தூள் ஏராளமாகக் கொட்டினால் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

வண்டு என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பழைய தூளைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புத் தாள் விரியுங்கள். ஒரு வாரத்தில் புதுத் தூள் விழாவிட்டால் அது எப்போதோ காலியான வீடு. விழுந்தால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தண்ணீர் கலக்காமல் பயன்படுத்தும் மரக் கரையான் மருந்தைச் சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் வழியும் வரை ஏற்றி, மெழுகால் அடையுங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தில் மருந்து இறங்காது. பின்பலகை, அடிப்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம் என்று பாலிஷ் இல்லாத மரம் தெரியும் இடங்களில் இரண்டு கை பூசுங்கள். வண்டு முட்டையிடுவதும் அங்கேதான். கையுறை, திறந்த ஜன்னல் கட்டாயம். உள்ளே இருக்கும் புழு வெளியே வர ஓராண்டுகூட ஆகலாம், ஆகவே பின்னால் ஒன்றிரண்டு புதுத் துளை தெரிந்தால் மருந்து வீண் என்று நினைக்க வேண்டாம்.

நடைபாதைக் கடையில் வாங்கிய புத்தகங்களை அலமாரியில் வைக்குமுன் என்ன செய்யலாம்? (திருவல்லிக்கேணி)

வெயிலில் காயவைத்தால் தாள் பழுத்து அட்டை வளையும். பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்து மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் தாளில் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஃப்ரீசர் அந்தக் குளிருக்குப் போகாமல் இருக்கலாம்; வெப்பமானி வைத்துப் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கும் தூசி அளவில் ஓடும் வெள்ளைப் பேனுக்கும் ஈரம்தான் உயிர். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரி சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி நிற்கட்டும்.

பழைய ஹெல்மெட்டில் பேன் வருமா? (மதுரை)

தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்குவது அரிது. ஒரு வாரம் பையில் கட்டி வைத்துவிட்டுப் போடுங்கள். ஆனால் பழைய ஹெல்மெட்டே வேண்டாம். ஒருமுறை அடிபட்டிருந்தால் உள்ளிருக்கும் தெர்மோகோல் வெளியே தெரியாமல் நொறுங்கியிருக்கும்.