போட்டியாளரின் காரை ஓட்டிப் பார்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு கார் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் ஈரோடு. போட்டி நிறுவனத்தின் சொகுசுக் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, மூன்று வாரத் திட்டமாக மைசூர் சாலையில் ஓட்டி, இரைச்சலையும் அதிர்வையும் அளந்து வருகிறோம். இதைக் கேட்ட அப்பா, “அடுத்தவன் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதவா நாலு வருஷம் படித்தாய்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது காப்பியடிப்பதுதானா?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

இல்லை. ஓய்வு பெறும்வரை இதே ஊரில் இதே வேலையைச் செய்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். சந்தையில் விற்கும் காரை வாங்கி ஓட்டுவதில் தவறில்லை. அதில் காப்புரிமை பெற்ற ஓர் அமைப்பை அப்படியே எடுத்துத் தன் காரில் வைப்பதுதான் தவறு.

பரீட்சைத் தாளில் விடை எழுதியிருக்கும். காரை ஓட்டும்போது தெரிவது மதிப்பெண் மட்டும்தான். டொயோட்டா 1983இல் லெக்சஸ் என்ற சொகுசுக் கார் திட்டத்தைத் தொடங்கியபோது, மெர்சிடிஸ் பென்ஸ், பிஎம்டபிள்யூ ஆகியவற்றின் பெரிய கார்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி, அவற்றைவிட அமைதியாகவும் வேகமாகவும், அதே சமயம் எரிபொருளைக் குறைவாகக் குடிப்பதாகவும் ஒரு கார் வேண்டும் என்றார். இரைச்சலை அடக்கத் தடுப்புப் பொருள்களை அடுக்கினால் எடை கூடும், எடை கூடினால் எரிபொருள் செலவு கூடும் என்பதால், சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது இன்ஜின் பாகங்களின் துல்லியத்திலேயே குறைக்க வேண்டியதாயிற்று. 1989இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 400 கார் அப்படி உருவானதுதான். அந்த வழி ஜெர்மன் கார்களுக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகச் சாலைக் காரை (பந்தயக் கார் அல்ல) வடிவமைத்த கார்டன் மரே, ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டிப் பார்த்த பிறகு அதையே சவாரிச் சுகத்துக்கும் கையாளுதலுக்கும் இலக்காக வைத்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஹோண்டாவுடையது அலுமினிய உடலும் வி6 இன்ஜினும், அவருடையது கார்பன் ஃபைபர் உடலும் வி12 இன்ஜினும்.

இந்த வேலையின் பெரிய பயன் வேறொன்று என்பது என் அனுபவம். நம் காரிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அதன் குறைகள் நம் உடம்புக்குப் பழகிவிடுகின்றன. நாங்கள் உருவாக்கிய ஒரு காரில் 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஒரு மெல்லிய நடுக்கம் இருந்தது. எட்டு மாதமாக எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. போட்டிக் காரை இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஒரு விடியற்காலையில் பெங்களூரின் புறவழிச்சாலையான நைஸ் ரோட்டில் எங்கள் காருக்கு மாறி உட்கார்ந்தேன். தொடைக்கு அடியில், தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுவதைப் போல அது வந்து வந்து போயிற்று. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புக் கோணம்தான் காரணம். நடு பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்தோம். அதற்காகப் போட்டிக் காரின் ஷாஃப்டை நாங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் அளக்கும் கார் எப்படி இருக்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள்; அதை எட்டிப் பிடிப்பதே இலக்கானால், உங்கள் கார் சந்தைக்கு வரும்போது அவர்கள் அடுத்ததற்குப் போயிருப்பார்கள். மேலும், வழுவழுப்பான நெடுஞ்சாலைகளை மனத்தில் வைத்துச் செய்த சஸ்பென்ஷனும் பக்கச்சுவர் குறைந்த டயரும் நம்முடைய வேகத்தடைகளில் படும் பாட்டையும் அளந்து எழுதுங்கள்.

இரண்டு கார்களையும் ஒரே சாலையில், அந்தந்தக் காருக்குக் குறித்த டயர் அழுத்தத்தில், ஒரே சுமையோடு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மூன்று வாரம் முடியும் நாளில் உங்கள் காரில் ஏறி, சென்சார்களின் எண்களைப் பார்ப்பதற்கு முன்பாக, முதல் பத்து நிமிடத்தில் கைக்கும் காதுக்கும் உறுத்தியதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள்.