மகளின் ஒப்படைப்புக்குப் பால்மரம் வேண்டாமா?

வணக்கம் ஐயா. உங்கள் மகளின் பள்ளி ஒப்படைப்பில் "நாட்டின் வரலாற்றை மாற்றிய மரம்" என்ற தலைப்புக்கு எல்லாரும் பால்மரமான ரப்பரையே எழுதுவார்கள், வேறு மரம் சொல்லுங்கள் என்கிறீர்கள். நான் ரப்பரை விடமாட்டேன். அதற்கு ஒரு ஜோடி தேடுவேன்.

அந்த ஜோடி கட்டாபெர்ச்சா மரம், மலாயில் தாபான். அதன் பால் இறுகிய பிறகும் வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டியாகும், கடல்நீர் புகாது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. ஆனால் மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள், காடு காலியானது.

ரப்பர் 1877இல் மலாயாவுக்கு வந்தது. 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. மரம் சாகாமல் பட்டையை மட்டும் சீவும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி செம்மைப்படுத்தினார். நம் பாட்டிமார் விடியலில் நெற்றி விளக்கோடு நிரை (மர வரிசை) பிடித்தது அந்தக் கீறலுக்காகத்தான். இரண்டும் பால்தான், கதை வேறு. மகள் இதை எழுதட்டும்.

கோலாலம்பூரில்தானே இருக்கிறீர்கள்? சனிக்கிழமை கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப்போங்கள். வெள்ளீயம் தோண்டிப் பாழான நிலத்தில் நட்டு வளர்த்த காடு அது. கபூர் என்னும் உயரமான காட்டு மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்: உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் வானம் வாய்க்கால்போல ஓடும். கொசு மருந்தை மறக்காதீர்கள்.