யூஎஸ்பி டிரைவர் கேள்வி பதில்: மைனஸ் 71 வந்தா யாரைக் குத்தம் சொல்றது?

லினக்ஸ் கெர்னலில் (அதோட மையப் பகுதி) யூஎஸ்பி டிரைவர் (கருவியோட பேசற மென்பொருள்) எழுதுறதும் அதில் பிழை பிடிக்கிறதும் என் பிழைப்பு. அதைப் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க அனுப்பின கேள்விகளுக்கு இங்கே பதில். "வேலை செய்யலை"ன்னு மட்டும் எழுதினவங்க மன்னிக்கணும். டி-மெசேஜ் (கெர்னலோட செய்திப் பதிவு) வரிகளை ஒட்டி அனுப்பினவங்களைத்தான் முதல்ல எடுத்திருக்கேன்.

சோமனூர், தறிக்காரர்: அண்ணா, குடோன்ல தறிக்குத் தறி கவுன்ட்டர் வெச்சு, யூஎஸ்பி-சீரியல் வயர்ல கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர்றோம். நல்லா ஓடிட்டிருக்கும், திடீர்னு நின்னுரும். கழட்டி மாட்டினா வருது. டி-மெசேஜ்ல மைனஸ் 71, அப்புறம் "ஈஎம்ஐ?"ன்னு கேள்விக்குறி போட்டு ஒரு வரி. டிரைவரை மாத்தணுமுங்களா?

வேண்டாமுங்க. அந்த ஈஎம்ஐ பேங்க் தவணை இல்லை, மின்காந்த இரைச்சல். போர்ட்டை ஹப் (போர்ட்டுகளைக் கவனிக்கற பகுதி) தானாவே அணைச்சிருக்குது, இரைச்சலா இருக்கலாம்னு கெர்னல் சந்தேகப்பட்டுத் திருப்பி இயக்குது. அதுக்குத்தான் அந்தக் கேள்விக்குறி. மைனஸ் 71-ன்னா கம்பியில வந்த தகவல் சிதைஞ்சு போச்சு, இல்லை பதிலே வரலைன்னு அர்த்தம். டிரைவர் கோடை எத்தனை தடவை மாத்தினாலும் இது தீராது. பிழை வந்த நேரத்தையும் தறி மோட்டார் போட்ட, அணைச்ச நேரத்தையும் ஒரு நாள் எழுதி ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. குடோன் நீளத்துக்கு அதை இழுக்கறது தப்பு. தறியிலிருந்து கம்ப்யூட்டர் மேசை வரைக்கும் ஆர்எஸ்-485 (தூரத்துக்கான சீரியல் இணைப்பு) வயர் இழுங்க, கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் யூஎஸ்பி போதும். நடுவுல மின்தடுப்பு வெச்ச ஐசோலேட்டர் ஒண்ணு போட்டுட்டா எர்த் வழியா வர்ற தொல்லையும் போயிரும்.

நாமக்கல், கோழிப்பண்ணை: முட்டை எடை மெஷினை உபுண்டு 22.04-ல மாட்டினா "டிடிஒய்-யூஎஸ்பி-0"ங்கற சீரியல் போர்ட்டுப் பேரு ஒரு நொடி வந்துட்டு மறைஞ்சுருது. அதே வயர் பழைய உபுண்டுல ஓடுது.

வயருக்குள்ள இருக்கற சிப்பு சிஎச்340, அடையாள எண் 1ஏ86:7523, சரிங்களா? டி-மெசேஜ்ல "பிஆர்எல்டிடிஒய்"ங்கற பேர் இருக்குதான்னு பாருங்க. அது பார்வையற்றவங்களுக்கான பிரெயில் காட்டிக்கு உள்ள மென்பொருள். சில பிரெயில் கருவிகளிலும் இதே சிப்பு, இதே எண் இருக்கறதால உங்க எடை மெஷினைத் தன்னுதுன்னு பிடிச்சுக்குது. பண்ணை கம்ப்யூட்டர்ல பிரெயில் காட்டி யாரும் பயன்படுத்தலைன்னா அந்தப் பொதியை நீக்கிருங்க. இதுலயும் டிரைவர் மேல குத்தமில்லை.

பல்லடம்: ஒரே மாதிரி நாலு யூஎஸ்பி-சீரியல் வயர் மாட்டியிருக்கேன். கரண்ட் போய் வந்தா டிடிஒய்-யூஎஸ்பி நம்பர் மாறிக்குது.

நம்பரை நம்பாதீங்க. டெவ் அடைவுக்குள்ள சீரியல், அதுக்குள்ள பை-பாத்னு இருக்குது. எந்தப் போர்ட்டுல மாட்டினதுங்கறதை வெச்சு வர்ற பேரு அது. மலிவு வயர்கள்ல தனி வரிசை எண் இருக்காது, அதனால அந்த எண்ணை வெச்சுப் பேர் வைக்கற பை-ஐடி உங்களுக்கு உதவாது.

கோவை, இன்ஜினியரிங் மாணவி: அண்ணா, கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு யூஎஸ்பி டிரைவர் எழுதலாம்னு இருக்கேன். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

முதல்ல ஒண்ணு கேக்கறேன் அம்மிணி, கெர்னல் டிரைவர் நிஜமாவே வேணுமா? ஒரே ஒரு மென்பொருள்தான் அந்தக் கருவியோட பேசப் போகுதுன்னா லிப்-யூஎஸ்பிங்கற நூலகத்தை வெச்சு கெர்னலுக்கு வெளியில இருந்தே முடிச்சுரலாம். தப்பு பண்ணினா புரோகிராம் மட்டும் சாகும், கம்ப்யூட்டர் சாகாது. கீபோர்டு, மவுஸ் வகையறான்னா அப்படி வெளியில இருந்தே பேச எச்ஐடி-ராங்கற வழி இருக்குது. நெட்வொர்க், சவுண்டு, கேமரா மாதிரி கெர்னலோட மத்த பகுதிகளுக்கு இணைப்புக் கொடுக்கணும்னா மட்டும் உள்ளே போ.

கத்துக்கறதுதான் நோக்கம்னா தாராளமா எழுது. கெர்னல் மூலத்துல டிரைவர்ஸ், அதுக்குள்ள யூஎஸ்பி அடைவுல "யூஎஸ்பி-ஸ்கெலிட்டன்"னு ஒரு கோப்பு, எழுதிப் பழகவே வெச்சிருக்காங்க. எந்தக் கருவிங்கற அடையாளப் பட்டியல், மாட்டினதும் நடக்கற ப்ரோப், கழட்டினதும் நடக்கற டிஸ்கனெக்ட், இந்த மூணையும் அதுல பிடிச்சுக்கோ. சொந்த லேப்டாப்புல சோதிக்காதே. க்யூஎம்யூ மெய்நிகர் கணினிக்குள்ள கருவியை அனுப்பி அங்கே ஓட்டு. உள்ளே கெர்னல் விழுந்தாலும் வெளியே நீ பாட்டுக்கு கோடு எழுதிட்டிருக்கலாம்.

ஈரோடு: கம்ப்ளீஷன் ஃபங்ஷனுக்குள்ள (யூஎஸ்பி கோரிக்கை முடிஞ்சதும் ஓடற கோடு) மைனஸ் 32 வந்தா எண்ட்பாயின்ட்டை (கருவியோட தகவல் வாசல்) கிளியர் பண்றேன். "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு"னு கெர்னல் கத்துது.

கத்தத்தான் செய்யும். மைனஸ் 32-ன்னா கருவி அந்த எண்ட்பாயின்ட்டை நிறுத்தி வெச்சிருக்குது, அதை கிளியர்-ஹால்ட் போட்டு எடுக்கணுங்கற வரைக்கும் உங்க கணக்கு சரி. ஆனா கிளியர்-ஹால்ட் பதில் வர்ற வரைக்கும் தூங்கிக் காத்திருக்கும். கம்ப்ளீஷன் ஓடற இடத்துல தூங்கக் கூடாது. அந்த வேலையை வொர்க்-க்யூல (பிறகு ஓடற வேலை வரிசை) போட்டுட்டு வெளியே வந்துருங்க. கம்ப்ளீஷனுக்குள்ள மெமரி கேக்கறதுன்னாலும் தூங்காத ஜிஎஃப்பி-அட்டாமிக்தான்.

நீங்க அனுப்பின கோடுல இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. 8 பைட்டு பஃபரை ஃபங்ஷனுக்குள்ளயே, ஸ்டாக்குல (ஃபங்ஷனோட தற்காலிக மெமரி) அறிவிச்சு அனுப்பறீங்க. அது டிஎம்ஏ-க்கு (சிபியூ நடுவுல இல்லாம ஹார்டுவேரே மெமரியைத் தொடறது) ஆகாது. கெர்னல் 4.9-ல ஸ்டாக்கை விர்ச்சுவல் மெமரிக்கு மாத்தறது வந்ததுக்கு அப்புறம் இப்படி எழுதின பல பழைய டிரைவர்கள் நின்னு போச்சு. பஃபரை கெர்னல்கிட்ட மெமரி வாங்கற கே-மெலாக்ல எடுங்க.

கரூர்: டிரைவர் நல்லா ஓடுது. ஆனா டேட்டா வந்துட்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினா சில நேரம் மொத்த சிஸ்டமும் உறைஞ்சு போகுது. எப்பவும் இல்லை, எப்பவாவது.

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டிருந்தேன். மாட்டறது யாருக்கும் வந்துரும், கழட்டும்போதுதான் டிரைவரோட லட்சணம் தெரியும்.

வயரைப் பிடுங்கற நேரத்துல மூணு பேர் உங்க டேட்டா ஸ்ட்ரக்சரைக் கையில வெச்சிருக்காங்க. டிவைஸ் கோப்பைத் திறந்து வெச்ச புரோகிராம், பறந்துட்டிருக்கற யூஆர்பி (கருவிக்கு அனுப்பின யூஎஸ்பி கோரிக்கை), டிஸ்கனெக்ட் ஃபங்ஷன். நீங்க டிஸ்கனெக்ட்லயே கே-ஃப்ரீ போட்டு மெமரியை விட்டுடறீங்க. அந்தப் புரோகிராம் இன்னும் கோப்பை மூடலை. அடுத்த ரீடு வந்து செத்த மெமரியைத் தொடுது. அந்த இடத்தை அதுக்குள்ள வேற யாராவது எடுத்திருந்தா நாசம், இல்லாட்டித் தப்பிச்சீங்க. எப்பவாவது மட்டும் வர்றதுக்கு இதுதான் காரணம்.

டிஸ்கனெக்ட்ல முதல்ல டிவைஸ் கோப்போட மைனர் எண்ணைத் திருப்பிக் குடுங்க, புதுசா யாரும் திறக்க முடியாது. அப்புறம் மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தர்தான் நுழையற பூட்டு) எடுத்து "போயிருச்சு"ன்னு ஒரு கொடி வைங்க. பறக்கற யூஆர்பி எல்லாத்தையும் கில் பண்ணுங்க. காத்திருக்கற ரீடர்களை எழுப்பி விடுங்க. கடைசியா கே-ரெஃப் (எத்தனை பேர் வெச்சிருக்காங்கங்கற கணக்கு) ஒண்ணைக் குறைங்க. அவ்வளவுதான், ஃப்ரீ பண்றது அங்கே இல்லை. கடைசி ஆள் கோப்பை மூடும்போது கணக்கு பூஜ்ஜியமாகி அது தானா நடக்கும். ரீடு, ரைட்டு ரெண்டும் அதே மியூடெக்ஸுக்குள்ள கொடியைப் பார்த்துட்டு மைனஸ் 19 (கருவி இல்லை) திருப்பணும்.

உறைஞ்சு போறதுக்கு இன்னொரு வழியும் உங்க கோடுல இருக்குது. வயரைப் பிடுங்கின உடனே டிஸ்கனெக்ட் வராது. ஹப் கவனிச்சுச் சொல்ல கால் நொடி வாக்குல ஆகலாம். அந்த இடைவெளியில யூஆர்பி எல்லாம் மைனஸ் 71-ஓட திரும்பி வரும். எந்தப் பிழைன்னு பார்க்காம உடனே திருப்பி அனுப்பறீங்க, அது மறுபடி 71, மறுபடி அனுப்பறீங்க. செக்கு மாடு சுத்தற மாதிரி சிபியூ அதுலயே சுத்துது, லாக் வேற நிரம்பி வழியுது. பிழை வந்தா கொஞ்சம் பொறுத்து அனுப்புங்க, தொடர்ந்து வந்தா நிறுத்துங்க.

சோதிக்க கேசான் (மெமரி பிழை பிடிக்கற வசதி) போட்டு கெர்னலைக் கட்டுங்க, செத்த மெமரியைத் தொட்ட வரியையே காட்டிக் குடுக்கும். சிஸ்-எஃப்எஸ்ல (கெர்னல் அமைப்புகளைக் கோப்பாக் காட்டற அடைவு) டிரைவருக்குக் கீழ அன்பைண்டு கோப்புல எழுதினாலும் டிஸ்கனெக்ட் ஓடும், அதை ஒரு லூப்புல போடலாம். ஆனா அப்போ கருவி இன்னும் மாட்டியேதான் இருக்குது, அந்த 71 மழை வராது. அதுக்குக் கையாலதான் பிடுங்கணும்.

திருப்பூர், டையிங் லேப்: கலர் பார்க்கற மெஷினுக்கு விண்டோஸ் மென்பொருள்தான் குடுத்திருக்காங்க. ஆவணம் எதுவும் கிடையாது. லினக்ஸுக்குக் கொண்டு வர முடியுமா?

பெரும்பாலும் முடியும், பொறுமை வேணும். லினக்ஸுக்குள்ள மெய்நிகர் கணினியில விண்டோஸை ஓட்டி, மெஷினை அதுக்குள்ள அனுப்புங்க. வெளியே லினக்ஸ்ல யூஎஸ்பி-மான் (யூஎஸ்பி போக்குவரத்தைக் காட்டறது) மாட்யூலை ஏத்தி, வயர்-ஷார்க்குல பதிவு பண்ணுங்க. விண்டோஸ் மென்பொருள்ல ஒரு தடவைக்கு ஒரே ஒரு பட்டனை அமுக்குங்க, அமுக்கினதைக் குறிச்சு வைங்க. வெள்ளை டைலை ரெண்டு தடவை அளந்துட்டுக் கறுப்பை ஒரு தடவை அளங்க. எந்த பைட்டு மாறுதுன்னு பார்த்தாலே பாதி புரிஞ்சுரும்.

யூஎஸ்பி-மான் வரிகளை நேரடியா படிச்சா, "எஸ்"னு தொடங்கற வரி அனுப்பினது, "சி" முடிஞ்சது. அனுப்பின வரியில மைனஸ் 115 இருந்தா பதறாதீங்க, வேலை நடந்துட்டிருக்குதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். மென்பொருளை மூடும்போது வர்ற மைனஸ் 2-வும் அப்படித்தான், நாமளே ரத்து பண்ணினது. பார்க்க வேண்டியது 32, 71, 75. இதுல 75 வந்தா நீங்க வெச்ச பஃபரை விடக் கருவி அதிகமா அனுப்பிருச்சு. பஃபரை எண்ட்பாயின்ட்டோட பாக்கெட் அளவுக்கு மடங்கா வைங்க.

கடைசியில இதுக்கும் லிப்-யூஎஸ்பி போதும். கெர்னல் பக்கம் வரவே வேண்டாம்.

பொள்ளாச்சி: லேப்டாப்புல மட்டும் கருவி கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிருது. டெஸ்க்டாப்புல சரியா ஓடுது.

பேட்டரி சேமிக்கற மென்பொருள் ஆட்டோ-சஸ்பெண்டை இயக்கியிருக்கும். சிஸ்-எஃப்எஸ்ல அந்தக் கருவிக்குக் கீழ பவர், கன்ட்ரோல் கோப்புல "ஆன்"னு எழுதிப் பாருங்க. தீர்ந்துச்சுன்னா அந்தக் கருவிக்கு மட்டும் யூ-டெவ் (கருவி மாட்டினதும் தானா ஓடற அமைப்பு) விதி போடுங்க. மொத்தமா அணைச்சா பேட்டரிதான் போகும்.

பெருந்துறை: ஒரு புது மோடத்தோட அடையாள எண் கெர்னல்ல இல்லை. நானே சேர்த்து அனுப்பலாமுங்களா? ஒரு வரிக்கெல்லாம் எடுத்துக்குவாங்களா?

தாராளமா எடுத்துக்குவாங்க, ஒரு வரி திருத்தங்கள் வந்துட்டேதான் இருக்குது. முதல்ல சிஸ்-எஃப்எஸ்ல டிரைவருக்குக் கீழ இருக்கற நியூ-ஐடி கோப்புல எண்ணை எழுதி, கம்பைல் பண்ணாமயே வேலை செய்யுதான்னு சோதிங்க. ஓடினா அப்புறம் "ஆப்ஷன்"ங்கற மோடம் டிரைவரோட பட்டியல்ல பக்கத்து எண்களோட வரிசை கெடாம சேருங்க. திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, சரிபார்க்கற செக்-பேட்ச் ஓட்டுங்க. யாருக்கு அனுப்பணும்னு கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். யூஎஸ்பி-சீரியல் பகுதியைப் பார்த்துக்கறவர் ஜோஹன் ஹோவோல்ட், மொத்த யூஎஸ்பி-க்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன். மோடம்னா எந்த இன்டர்ஃபேஸ் எதுக்குன்னு விளக்கி, "யூஎஸ்பி-டிவைசஸ்" கட்டளை தர்ற வெளியீட்டையும் பேட்ச் விளக்கத்துலயே ஒட்டுங்க, இல்லாட்டி அதைக் கேட்டுத்தான் முதல் பதில் வரும். கிட் செண்ட்-ஈமெயில்ல அனுப்புங்க. பிரவுசர் மெயில்ல ஒட்டினா டேப் எல்லாம் ஸ்பேஸாகி பேட்ச் ஒட்டாமப் போயிரும். ரெண்டு வாரம் பதில் வரலைன்னா மரியாதையா ஒரு தடவை நினைவுபடுத்துங்க.